போஸ்டருக்குப் பின்னால்

எவாஞ்சலினுக்கு இடது காது கேட்காது. பிறவியில் வந்த குறையல்ல. இரண்டாயிரத்துப் பதினெட்டு பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், அவளுடைய சொந்தக் கேமரா ட்ரைபாடாலேயே வாங்கிய அடி. யாராவது பாவம் பார்த்து உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னொரு காது இருக்குதுங்களே, அது என்னா சும்மாவா இருக்கு?" என்று பேச்சை வெட்டிவிடுவாள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடியோ கடை அவளுடையது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக மாதா கோயில் கல்யாணங்களை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தவள், மாப்பிள்ளைகள் வியர்ப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கபடிக்கு வந்தாள். கபடிக்குத்தான் கூட்டம் இருந்தது. குவைத்தில் கம்பி கட்டுகிறவன் யூடியூபில்தான் பார்ப்பான்; சிங்கப்பூரில் இருப்பவன் பேஸ்புக்கை விட்டு நகரமாட்டான். இரண்டு பேரையும் விடக்கூடாதென்று, ஒரே ஆட்டத்தை ஒரே லேப்டாப்பிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று நான்கு பக்கங்களுக்கு அனுப்பும் வித்தையைத் தட்டித்தடவி அவளாகவே கற்றுக்கொண்டாள். எல்லாப் பக்கத்திலும் விழும் கமெண்ட்டுகள் அவள் திரையோரத்தில் ஒரே வரிசையாக வந்து விழும்.

கபடி நேரலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சண்டை வந்தால் போஸ்டர் போட வேண்டும். எந்த ஊர் மானமும் கடல் தாண்டிப் போகக்கூடாது அல்லவா? அடிதடி தொடங்கியதும் விழாக்குழுவில் யாராவது "போஸ்டர் போடு!" என்று கத்துவார்கள். அவள் ஒரு பட்டனை அழுத்துவாள். மைதானம் மறைந்து, செலவு செய்த பெரிய மனிதர் கைகூப்பிச் சிரிக்கும் படம் வந்துவிடும். பாவாடை என்ற வர்ணனையாளர் மைக்கில் நன்கொடையாளர் பெயர்களை நீட்டி முழக்குவார். மண்டைகள் உடைந்து, ஆறி, ஆட்டம் மறுபடி தொடங்கும்போது போஸ்டர் விலகும். பாவாடை பேசுவதற்காக மைக் எப்போதும் திறந்தே இருக்கும். அதை அணைக்க வேண்டிய தேவை அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் போஸ்டரில் சிரித்தவர் மருதாசலம். சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். எவாஞ்சலின் புருஷன் ஆல்பின் அவரிடம்தான் வேலை பார்த்தான். உள்ளே நுழைய வேண்டிய கேட் பாஸ் அவர் கையில் இருந்தது. அவர் முகம் கோணினால் மறுநாள் ஆல்பின் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். ஆல்பினோடு ஒரே ஷிப்டில் கரி அள்ளுகிறவன் அறிவுச்செல்வன், காலனிப் பையன். கபடி பாடி எதிரணிக்குள் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். மருதாசலம் தன் ஊர் அணிக்கு ஆடச் சொல்லி அவனைக் கூப்பிட்டனுப்பினார். அவன், "எங்க பசங்களோடயே ஆடிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டான்.

இறுதி ஆட்டத்தில் மோதியதும் அந்த இரண்டு அணிகள்தான். காடாம்புலியூரைத் தாண்டி முந்திரித் தோப்பு ஓரத்து மைதானம். டிராக்டர் டிரெய்லர் மேல் கேமராவும் லேப்டாப்புமாக எவாஞ்சலின் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய யூடியூப் சேனல், விழாக்குழுவின் பேஸ்புக் பக்கம், மருதாசலத்தின் சொந்தப் பக்கம் என மூன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. சமநிலையில் கடைசிப் பாட்டுக்கு அறிவுச்செல்வன் போனான். ஐந்து பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு இடது காலை நீட்டி, கட்டைவிரலால் நடுக்கோட்டைத் தொட்டான். காலனிப் பையன்கள் ஜெயித்ததாக நடுவர் விசில் ஊதினார்.

விசில் வாயிலிருந்து இறங்குவதற்குள் நடுவர் மூக்கில் குத்து விழுந்தது. பிறகு மனிதர்கள் மனிதர்களாக இல்லை. வேலிச் சவுக்குக் கழிகளைப் பிடுங்கிக்கொண்டு ஐம்பது அறுபது பேர் காலனிப் பையன்கள் மேல் பாய்ந்தார்கள். ஒருவனுக்குக் காதோரம் கிழிந்து தொங்கியது. விழுந்தவனை மிதித்தார்கள், எழுந்தவனைத் தோப்பு வரை துரத்திக்கொண்டு போய் அடித்தார்கள். பாவாடை மைக்கை மேசைமேல் போட்டுவிட்டு, வேட்டி வேலியில் மாட்டிக் கிழிய, அந்தப் பக்கம் குதித்து ஓடினார்.

"எவா, போஸ்டர் போடு!"

போட்டாள். கை பழக்கத்தில் அதுவாகவே அழுத்தியது. மூன்று பக்கங்களிலும் மருதாசலம் கைகூப்பிச் சிரித்தார்.

நிஜ மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். அறிவுச்செல்வனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து வர்ணனை மேசையருகே போட்டார்கள். மேசை விளிம்பில் அவன் முகத்தை இரண்டு முறை மோதினார்கள். பல் தெறித்தது.

"எங்கிட்ட பாஸ் வாங்கிக்கினு, எங்கிட்டயே கூலி வாங்கிக்கினு, எனக்கே எதிரா ஆடுவியாடா?"

"வேலை வேலைங்க... ஆட்டம் ஆட்டங்க" என்றான் அவன், வாய் நிறைய ரத்தத்தோடு.

"இன்னும் பேசறான் பாரு. எந்தக் காலடா நீட்ன? டேய், அத ஒடைங்கடா. ரெண்டையும் ஒடைங்க. இனிமே இவன் பாடிக்கினு வரக்கூடாது." சொல்லிவிட்டு டிரெய்லரை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, போஸ்டர் போட்டியா?"

"போட்டேங்க."

"அது அப்படியே இருக்கட்டும்."

அப்போதுதான் அவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு எகிறி எகிறிச் சிவந்துகொண்டிருந்தது. பாவாடை போட்டுவிட்டுப் போன மைக் மேசைமேல் உயிரோடு கிடந்தது. சிரிக்கிற போஸ்டருக்குப் பின்னாலிருந்து எல்லாமே வெளியே போய்க்கொண்டிருந்தது.

அணைக்க ஒரு பட்டன் போதும். விரல் அதன்மேல் போய்விட்டது. அணைத்தால் ஆல்பினுக்குப் பாஸ் உண்டு. யாருக்கும் எதுவும் தெரியாது. கீழே நான்கு பேர் அறிவுச்செல்வனின் கைகளை மிதித்து நின்றார்கள். ஒருவன் அவன் இடது காலை மேசைக் கட்டையின் குறுக்கே தூக்கி வைத்தான். இன்னொருவன் கழியை ஓங்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு ஹெட்போன் வழியாகக் காதுக்குள்ளேயே கேட்டது. தொடர்ந்து, பெற்றவளைக் கூப்பிட்டு அவன் அலறியதில் "ஆயா" என்பது மட்டும் புரிந்தது. எவாஞ்சலின் விரலை எடுத்தாள். அது மறுபடி போய்விடுமோ என்று பயந்து, கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கமெண்ட்டுகள் கொட்டத் தொடங்கின. "என்னா சத்தம் அது?" "டேய் யாரையோ அடிக்கறாங்கடா." "அறிவு குரல்டா அது, என் சித்தப்பா மவன்." "காண்ட்ராக்டர் பேசறாரு, நல்லா கேக்குது." "போலீசுக்கு யாராவது போன் போடுங்கடா, நான் குவைத்ல இருக்கேன்."

வலது காலைத் தூக்கி வைத்தார்கள். கழி மறுபடி ஓங்கியது. அந்த நேரம் மருதாசலத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார்.

"என்னாடி இப்ப? ...என்னா கேக்குது? ...எதுல கேக்குது?"

கூப்பிட்டது அவர் பெண்டாட்டி ஆதிலட்சுமி. வீட்டில் உட்கார்ந்து புருஷனுடைய பேஸ்புக் பக்கத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர். உங்கள் படத்துக்குள்ளிருந்து உங்கள் குரல் கேட்கிறது, அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று அழுதாராம். பிற்பாடு ஊரே பேசிக்கொண்டது. மருதாசலம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே மேசையைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாக டிரெய்லரைப் பார்த்தார்.

அவர் ஏறி வந்த வேகத்தில் டிரெய்லர் ஆடியது. முதலில் லேப்டாப்பைத் தூக்கிக் கீழே எறிந்தார். கீழே இருந்தவர்கள் சுக்குநூறாகும் வரை மிதித்தார்கள். அவள் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டதால் ட்ரைபாடைப் பிடுங்கி அதன் காலால் அவள் தலையில் அடித்தார். இடது காதிலிருந்து சூடாக வழிந்தது. இரண்டாவது அடியில் டிரெய்லரிலிருந்து மண்ணில் விழுந்தாள். "அழிஞ்சிதுடா, போங்க" என்று மேலிருந்து அவர் சொன்னதுதான் அந்தக் காதில் விழுந்த கடைசிப் பேச்சு.

பாவம், லேப்டாப்பை உடைத்தால் எல்லாம் அதற்குள்ளேயே செத்துவிடும் என்று நினைத்துவிட்டார். அது போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. குவைத்காரன் போட்ட போனில் போலீஸ் ஜீப்பும் ஆம்புலன்சும் வந்தன. விழாக்குழு தன் பக்கத்தில் இருந்ததை உடனே அழித்தது. மருதாசலத்தின் பக்கத்தை அழிக்க வழியில்லை. அதை நடத்திய ஆள் போலீசுக்குப் பயந்து போனை அணைத்துவிட்டு ஓடியிருந்தான். மறுநாள் சாயங்காலம் வரை அவர் தம் பக்கத்திலேயே கைகூப்பிச் சிரித்துக்கொண்டு காலை உடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எவாஞ்சலின் சேனலில் இருந்தது மட்டும் தங்கியது. ஆல்பினின் பாஸ் போய்விட்டது. அந்தப் பதிவை அழித்தால் பாஸ் திரும்ப வரும் என்று வீட்டு வாசலுக்கே ஆள் வந்தது. ஆல்பின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை கேட்டான். கழற்றி வைத்துவிட்டு, "போங்கடா" என்றான். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஆஸ்பத்திரியில் செங்கமலம், அறிவுச்செல்வனின் அம்மா, எவாஞ்சலினின் கட்டுப்போட்ட தலையைத் தடவிப் பார்த்து, "ஒரு காலாவது மிச்சம் வச்சிக் குடுத்தியே தாயி" என்றாள். அன்றுதான் எவாஞ்சலின் வாய்விட்டு அழுதாள்.

வழக்கு கடலூரில் இன்னும் நடக்கிறது. படத்தில் போஸ்டர் மட்டும்தானே இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுகிறார். இடது கால் மடங்காத அறிவுச்செல்வன் இப்போது வர்ணனை மேசையில் உட்காருகிறான். எவாஞ்சலின் கடன்பட்டு வேறு லேப்டாப் வாங்கினாள்.

போன மே மாதம், இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு போட்டி. டாஸ் போடுவதற்கு முன்னால் விழாக்குழுத் தலைவர் வேலுமணி அவளிடம் வந்தார். யாரும் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வார் என அவள் எதிர்பார்த்தாள்.

"சண்டை கிண்டை வந்தா போஸ்டர் போட்டுடும்மா. அப்புறம் மறக்காம அந்த மைக்கயும் அணைச்சிடு, என்னா?"

அவள் இடது பக்கத்தைக் காட்டி நின்றாள். "அந்தக் காது கேக்காதுங்க."

அவர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். அவளும் கூடவே திரும்பினாள்.