கரி புகாத அறை

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையின் ஜன்னல் துறைமுகத்துக் கரிக்கிடங்கைப் பார்த்து இருந்தது. கடல் காற்று அடித்தால் சோற்றுப் பானை மூடியில் விரலால் கோடு கிழிக்கலாம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பிறந்ததிலிருந்தே இரைப்பு. மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போய்விடும்.

ஆஸ்பத்திரி டாக்டர், "தூசி இல்லாத எடத்துக்குக் குடி மாத்திக்கோங்க" என்றார். எங்கே போவது?

என் வீட்டுக்காரர் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். கப்பலின் இரும்புக் கதவுகள் தண்ணீர் புகாமல் மூடுகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. நிலை விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து, கதவை இறுக்கிச் சாத்தித் திறப்பார்கள். கதவு ரப்பரில் வெள்ளைக் கோடு விழாத இடத்தில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

"நம்ம வூட்டையும் கப்பலாட்டம் மூடிடறேன்" என்றார்.

பட்டறையில் கழித்துப்போட்ட ரப்பர் பட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து கதவிலும் ஜன்னலிலும் அடித்தார். மரம் கோணல். பாதி இடத்தில் சாக்பீஸ் கோடே விழவில்லை. எங்கே எவ்வளவு குறைகிறது என்று தெரிய, பக்கத்து வீட்டு மீன்காரம்மாவிடம் கொக்கித் தராசை இரவல் கேட்டார். இடுக்கில் ஒரு துணி நாடாவை வைத்து ஜன்னலைச் சாத்துவார். நாடா நுனியைக் கொக்கியில் மாட்டி இழுப்பார். முள் எதுவரை போகிறது என்று நான் சொல்ல வேண்டும். நாடா சுலபமாக உருவிக்கொண்டு வந்தால், அங்கே ரப்பருக்கு அடியில் இன்னொரு பட்டை வைப்பார். கடைசியில் சுற்றிலும் ஒரே அளவு காட்டியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கரி நின்றது. சில வாரம் குழந்தை நன்றாகத் தூங்கினாள். அப்புறம் கோடை வந்தது. அறை வெந்தது. அடுப்பு ஆவி போக வழியில்லாமல் சுவர் வியர்த்து, மூலையில் பூஞ்சை பிடித்தது. இரைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பியது.

ஒரு மதியம் ஜன்னலைத் திறந்துவிட்டேன். வேலை முடிந்து வந்தவர் நேராகப் போய்ச் சாத்தினார்.

"ஏம்மே, கரி உள்ள வந்துகினு கீது, தெரில?"

"காத்தும் வரணும்யா. கொயந்தைக்கு மூச்சு முட்டுது."

"எங்கியோ லூசு கீது. அதான் இப்பிடி இயுக்குது. நான் பாக்கறேன்."

என் மடியில் கிடந்தவள் ஜன்னலைக் காட்டி, "தொற நைனா" என்றாள். அவர் தராசு வாங்கிவரக் கிளம்பிவிட்டார்.

ஆடி பிறக்கும் முன்பே, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அவள் போய்விட்டாள். கரியாலா, புழுக்கத்தாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "இந்த மாதிரி கொழந்தைங்களுக்கு இப்படித்தாம்மா ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புதைத்துவிட்டு வந்த சாயங்காலம், அவர் உளியால் ரப்பரையெல்லாம் பெயர்த்தார். நான் தடுக்கவில்லை. கூட நின்று எடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் என் அண்ணன் திருவொற்றியூரில் தன் வீட்டுப் பின்கட்டுக்கு வரச்சொன்னார். அங்கே எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். நடக்கத் தொடங்கும்வரை இருவரையும் என் வீட்டுக்காரர் தூக்கவில்லை. ஒருமுறை பெரியவனை வலுக்கட்டாயமாக அவர் கையில் கொடுத்தேன். அவன் மார்பில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"வேணாம்மே, நீயே வச்சிக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார்.