திரையில் பெருத்த சொல்

அவள் அந்தக் கல்லூரியில் கணினி ஆசிரியை. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். ஓர் ஆசிரியர் கூட்டத்தில், "போனைப் பிடுங்கி வைக்கிறதுக்குப் பதிலா, அதுலயே பதில் சொல்ல விடலாமே" என்றாள். "அப்போ எல்லாருக்கும் நீங்களே சொல்லிக் கொடுத்துடுங்க மேடம்" என்று முதல்வர் பயிற்சியை அவள் தலையில் கட்டிவிட்டார்.

முதல் நாள் நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். செய்து காட்டுவதற்காக அறுபது மாணவர்களைப் பின்வரிசைகளில் உட்காரவைத்தாள். அவர்கள் போனில் அடிக்கும் சொல், பெயரில்லாமல் திரையில் விழும். அதிகம் பேர் அடித்தால் பெரிதாகிக்கொண்டே போகும். ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே திரைக்கு விடும் வசதியும் உண்டு. அதை அவள் வேண்டுமென்றே அணைத்து வைத்தாள். தங்குதடையின்றி ஓடினால்தான் களைகட்டும் என்று நினைத்தாள்.

"வகுப்புன்னதும் என்ன ஞாபகம் வருது?"

நண்பர்கள், பசி, ஜன்னல் என்று வந்தவற்றுக்கு நடுவே 'தூக்கமாத்திரை' முளைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதித் திரையை அடைத்தது. பின்வரிசைகள் விழுந்து விழுந்து சிரித்தன. புள்ளியியல் ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. அங்கே அதை அறியாதவர் அவர் ஒருவர்தான். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இடைவேளையில் அவளிடம் வந்தார். "யாரும்மா அந்தத் தூக்கமாத்திரை? பாவம், யாரோ மாட்டிக்கிட்டாங்க."

"சும்மா விளையாடுறாங்க சார்."

மறுநாளிலிருந்து அவர் தினமும் மாலை நான்கு மணிக்குக் கணினி அறைக்கு வரத் தொடங்கினார். "எனக்குச் சட்டுன்னு மண்டையில ஏறாதும்மா, ரெண்டு தடவ சொல்லுங்க" என்பார். மாணவர்களின் செருப்பு அளவைப் போனில் வாங்கி, அங்கேயே வரைபடம் போட்டுச் சராசரியை விளக்கலாம் என்று அவரே கண்டுபிடித்துப் பூரித்துப்போனார். போகும்போது தவறாமல் நன்றி சொன்னார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் வாயைக் கிளறி விஷயத்தை வாங்கிய அக்கா, "அவரு கேட்டப்பவே சொல்லித் தொலைச்சிருக்கணும்டி" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் அவரிடம் சொன்னாள். பார்த்து விடும் வசதியை அணைத்து வைத்ததையும் மறைக்கவில்லை.

அவர் பேனாவை மூடினார். "எத்தனை பேரும்மா அடிச்சாங்க?"

"முப்பத்தோரு பேர் சார்."

"பாதிக்கு மேல." பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "பசங்களை விடுங்க. நான் உங்ககிட்ட வந்து கேட்டேனே. யாரோன்னு நெனச்சுப் பாவம்னு வேற சொன்னேன்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குப்பின் அவர் கணினி அறைக்கு வரவில்லை. ஆனால் செருப்பு அளவு வகுப்பை நடத்தினார். மாணவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்ட சத்தம் வராந்தாவரை வந்தது. அவள் கதவருகே நின்று கேட்டுவிட்டு, அவர் கண்ணில் படாமல் நகர்ந்தாள். எதிர்ப்பட்டால் இப்போதும் வணக்கம் வைக்கிறார். முன்போல 'அம்மா' என்பதில்லை, 'மேடம்' என்கிறார்.

அடுத்த பயிற்சிக்கு முதல்வர் தேதி கேட்டபோது, நடந்ததை அவரிடமும் சொன்னாள்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு மேடம்!" என்று சிரித்தார் அவர்.

அவள் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.