எல்கடுவைக்குக் கொண்டுபோன கைத்தராசு

மாத்தளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு எல்கடுவத் தோட்டத்தில் என்ன வேலை? வியாபாரம்தான், புண்ணியம் இல்லை. செல்வமணி என்ற தோட்டத்துப் பெண் மாதம் ஒருமுறை கடைக்கு வந்து தகர மூடி, பலகைத் துண்டு, கயிறு என்று கழித்துப்போட்டதையெல்லாம் கேட்டு வாங்கிப் போவாள். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், மூன்று முதல் ஐந்து வயது வரையானவர்களுக்கு விளையாட்டாலேயே படிப்புச் சொல்கிறாளாம்.

"வியாழக்கெழம கணக்கப்பிள்ளை வந்து பாக்குறாரு நானா. அவரு நல்லபடியா சொன்னா தோட்டத்துத் தொரை வகுப்ப விட்டு வைப்பாரு. இல்லாட்டி நான் திரும்பக் கொழுந்துக் கூடையத் தூக்கணும்" என்றாள். முஸ்லிம் கடைக்காரனான என்னை அவள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

வகுப்பு நிலைத்தால் மற்றத் தோட்டங்களும் தொடங்கும். சாமான் நான் கொடுக்கலாம். 1966 ஆகஸ்டில் அந்த வியாழக்கிழமை அதனால்தான் போனேன்.

காலை 6.50 பஸ். உக்குவளை வழியாக ஒன்பது மைல், ஐம்பது சதம். ஏற்றத்தில் ஒருமுறை நின்று இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், 8.15 ஆகிவிட்டது. அங்கிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஒன்றேகால் மைல் நடை. மழைக்காலத்தில் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது.

வெறுங்கையோடு போகக்கூடாதென்று, விற்காமல் கிடந்த சின்னக் கைத்தராசு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். செல்வமணிக்கும் சந்தோஷம். எது பாரம், எது லேசு என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மலையில் கொழுந்தை நிறுத்துச் சம்பளம் எழுதுகிற கணக்கப்பிள்ளை பத்து மணிக்கு வந்து வாசலில் நின்றார். உள்ளே ஐந்து வயது ராணி தராசைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்றவர்கள் இலை தழையைச் சிரட்டையில் நிரப்பி வரிசையாக நின்றார்கள்.

"ஈரத்துக்கு ரெண்டு ராத்தல், கூடைக்கு ரெண்டு ராத்தல். கழிச்சு எழுது" என்றாள் ராணி.

"பாத்துப் போடுங்க ஐயா, புள்ளைக்குக் காச்சல்" என்றாள் வரிசையில் முதல் ஆள். அவளுக்கு நான்கு வயது இருக்கும்.

"வாயாடுனா அரைப் பேருதான். அரை நாள் சம்பளத்தோட வீட்டுக்குப் போ."

சொல்லிக்கொண்டே ராணி தராசுக் கோலைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாள். எடை குறைத்துக் காட்ட எங்கே அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தராசு விற்கிற எனக்கும் அது தெரியும்.

கணக்கப்பிள்ளை சிரித்தார். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க, டீச்சரம்மா."

"நான் சொல்லிக் குடுக்கலைங்க ஐயா. பாத்தத வெளையாடுதுங்க."

"பாத்ததா?"

செல்வமணி எட்டி ராணியின் கையிலிருந்த தராசை வாங்கினாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள் என்பது எனக்கும் புரிந்தது.

"நாளைக்குக் காலையில கூடையோட மலைக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டு அவர் போனார். டீச்சரம்மா என்ற வார்த்தை அத்தோடு போயிற்று.

அவள் என்னைத் திட்டவில்லை. தராசைத் துடைத்து என் பையில் வைத்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு நானா" என்றாள். ராணி மட்டும் விடவில்லை. "இன்னும் ஆறு பேருக்கு நிறுக்கணும்" என்று பையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பும் பஸ் 11.40க்கு. அதைத் தவறவிட்டால் 5.30 வரை ஒன்றும் இல்லை. குடை அவசியம். இப்படி ஒரு வகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் பந்து கொண்டுபோங்கள், மணி கொண்டுபோங்கள். எதைக் கொண்டுபோனாலும், அந்தப் பிள்ளைகள் அதை முன்பு யார் கையில் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துவிட்டுப் பையில் போடுங்கள். முப்பது வருஷம் தராசு விற்றவன் நான். யோசிக்கவில்லை.