விபெக்கேயின் ஆட்காட்டி விரல்

லிம் நீரிணைக் கரையில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பதில் விபெக்கேயை மிஞ்ச ஆளில்லை. நரம்பு எங்கே ஒளிந்திருந்தாலும் ஆட்காட்டி விரலால் தடவியே பிடித்துவிடுவாள். எங்களில் யாராவது குத்தித் தோற்றால் போதும், தள்ளு என்று தோளால் இடித்துக்கொண்டு வருவாள். தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்திதான். மனசு தங்கம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். தோலை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்ட பிறகு அந்த இடத்தைத் தொடவே கூடாது. தொட்டால் விரலில் இருக்கும் கிருமி, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் குப்பிக்குள் ஊசியோடு போய்ச் சேரும். அங்கே வளர்ந்து, நோயாளியின் ரத்தமே கெட்டுவிட்டதுபோலக் காட்டும். எங்களுக்கு இது பாலபாடம். விபெக்கேயோ கையுறையின் நுனியைக் கிழித்துக்கொண்டு, குத்துமுன் இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பாள். எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவள் வாய்க்குப் பயந்து ஒருத்தரும் கேட்டதில்லை, வெட்கக்கேடு.

ஐனர் மீன்பிடிப் படகு ஓட்டி ஓய்ந்தவர். இதயத்தில் செயற்கை வால்வு. காய்ச்சலோடு வந்தவருக்கு விபெக்கேதான் ரத்தம் எடுத்தாள். மறுநாளே காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் மாலெனேவுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா விருந்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசாவிட்டால் எங்கள் பக்கம் அது கல்யாணமே இல்லை. மனிதர் படுக்கையிலேயே ஒத்திகை பார்த்துப் பார்த்து, எதிர்க்கட்டில்காரருக்கே அந்தப் பேச்சு மனப்பாடம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை குப்பியில் கிருமி வளர்ந்திருந்தது. தோலில் குடியிருக்கும் சாதாரணக் கிருமிதான். ஆனால் வால்வு வைத்தவரை அதுவே கொன்றுவிடலாம். டாக்டர் யெப்பே விபெக்கேயைத் தேடி வந்து, எடுக்கும்போது ஏதாவது பிசகு நடந்ததா என்று கேட்டார். சந்தேகம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு ஐனரைக் கல்யாணத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

"என் கையிலயா? அதுக்கு வேற ஆளப் பாருங்க, யெப்பே" என்றாள்.

சொல்லும்போதே விரல் தொட்டது ஞாபகம் இருந்ததாம். பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். படுபாவி, அப்போது அழுதிருக்கலாம். மகள் மோதிரம் மாற்றிய நேரத்தில் ஐனர் கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மருந்து ஏற்றுமுன் மறுபடி நான் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமே வளரவில்லை. எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விபெக்கே கூனிக்குறுகி, தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். யெப்பே பட்டும் படாமலும் ஏதோ சொல்லி ஐனரை வீட்டுக்கு அனுப்பினார். மனிதர் அதை உயிர் தப்பியதாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கல்யாணத்து பாதாம் கேக்கோடு வந்து நின்றார்.

"நீங்க கண்டுபிடிச்சதாலதான் நான் இன்னிக்கு நடமாடுறேன். மொதத் துண்டு உங்களுக்குத்தான்" என்று விபெக்கேயிடம் நீட்டினார்.

எனக்கே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. அவள் வாங்கவில்லை.

"உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல, ஐனர். அது என் விரல்ல இருந்தது. டாக்டர் கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

அவர் நீட்டிய துண்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். தான் எழுதி அனுப்பிய பேச்சைச் சம்பந்திதான் வாசித்தார் என்றும், தன் கோழிக்கிறுக்கல் புரியாமல் பாதியில் நிறுத்திவிட்டாராம் என்றும் மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. கேக்கையாவது திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மேஜைமேல் வைத்து, மூடியைச் சரியாக மூடிவிட்டுப் போனார்.