பன்னிரண்டு புளியங்கொட்டைகள்

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு அது. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் காலை 10.20-க்குத் தொடங்குகிறது: "குழந்தைகள் மூவர். களி, கீரைக் குழம்பு. புளியங்கொட்டை பன்னிரண்டு." யுகேஜி போகவிருந்த என் மகள், விடுமுறை முழுக்க ஒரே ஆளாக விளையாடி அலுத்திருந்தாள். சாப்பாட்டையே விளையாட்டாக்கி, தெருவில் இரண்டு பேரைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. என்னென்ன, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே எழுதி வைத்தேன்.

"புள்ளைங்க வெளையாட்டுக்கு அஜெண்டா போட்ட ஒரே ஆள் நீதான்" என்றார் கணவர்.

எதிர்வீட்டுப் பையன் தானாகவே வந்துவிட்டான். அவனுக்கு ஆறு வயது, எதையும் சாப்பிடுவான். இன்னொரு வீட்டின் மூன்றரை வயதுப் பெண்குழந்தையை அனுப்பத்தான் அவள் அம்மா தயங்கினார். அவர்கள் கம்பைநல்லூரிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"இவ எது கெடச்சாலும் வாயில போட்டுருவாங்க. போன வருசம் ஒரு பொத்தான முழுங்கிட்டு, சேலம் வரைக்கும் தூக்கிட்டு ஓடினம். அதிலிருந்து எங்கயும் தனியா வுட்டதில்ல."

"நான் பாத்துக்கறேங்க. ஒரு மணி நேரந்தானே."

வாசல் வரை போனவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனார்.

கணவர் துடுப்பால் கிளறி இறக்கிய களியைப் பெரிய தட்டில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டோம். பொம்மை பிடிக்க ஆளுக்கு ஒரு கட்டி. யானை, ஆமை, பெயர் தெரியாத ஒன்று. கண் வைக்க ஆளுக்கு நான்கு புளியங்கொட்டை கொடுத்தேன். பொத்தான் கதையைக் கேட்ட பிறகும் கொடுத்தேன் என்பதை இங்கே பதிந்துவிடுகிறேன். எண்ணிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து சாப்பாடு. களியை எங்கள் பக்கம் மெல்லமாட்டோம். உருட்டி, நடுவில் விரலால் குழி செய்து, குழம்பில் தோய்த்து அப்படியே முழுங்குவோம். சுண்டைக்காய் அளவுக்குச் சின்னச் சின்னதாக உருட்டிக் காட்டினேன். பையன் முழுங்கிவிட்டு "முழுங்கிட்டேன்!" என்று கத்தினான். நாங்கள் கைதட்டினோம். என் மகள் கத்தினாள். அதற்கும் கைதட்டல். மூன்றரை வயதுச் சின்னவள் கத்தியபோது கணவர் விசிலே அடித்தார்.

இரண்டாவது சுற்றுக்கு அவரவரே உருட்டட்டும் என்று விட்டுவிட்டு, பொம்மைகளின் கண்களைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். யானைக்கு ஒரு பக்கம் கண் இல்லை. யானை சின்னவளுடையது.

"பாப்பா, யானைக் கண்ணு எங்க?"

வாயைத் திறக்கச் சொன்னேன். காலி.

"முழுங்கிட்டியா?"

சந்தோஷமாகத் தலையாட்டினாள். "முழுங்கிட்டேன்!" என்று கத்திவிட்டுக் கைதட்டலுக்காக எங்களைப் பார்த்தாள்.

யாரும் தட்டவில்லை. இருமுகிறாளா, மூச்சு திணறுகிறதா என்று முகத்தையே பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாள். கணவர் பைக் சாவியை எடுத்தார். நான் போனை எடுத்து அவள் அம்மாவின் எண்ணைத் தேடினேன். என்ன சொல்லித் தொடங்குவது?

அந்த நேரத்தில் பையன், "இது எனக்கு அவ உருட்டிக் குடுத்தது" என்று ஒரு உருண்டையைக் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனான்.

என் மகள் சொன்னாள்: "அதுலதான் குழி பண்ணி வெச்சா."

கணவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். உருண்டையைப் பிட்டார். நடுவில் பளபளவென்று புளியங்கொட்டை.

"வெதச்சேன்" என்றாள் சின்னவள். "எங்கப்பா குழி பண்ணித்தான் வெதைக்கும்."

கொட்டையைக் கழுவிக் கிண்ணத்தில் போட்டு எண்ணினேன். பன்னிரண்டு. கணவரும் எண்ணினார், கிண்டல் செய்யாமல். பிறகு கிண்ணத்தைப் பரண்மேல் வைத்துவிட்டு, இனி எல்லோரும் களியை மென்றுதான் தின்ன வேண்டும், உள்ளே கொட்டை இருக்கலாம் என்று சட்டம் போட்டேன்.

"களிய மென்னா எங்கம்மா சிரிக்கும்" என்றான் பையன்.

"சிரிக்கட்டும். மெல்லு."

11.25-க்கு அவள் அம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "ஏதாச்சும் முழுங்கினாளா?" என்றார். களி மட்டுந்தான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவரை வாசலில் இரண்டு முறை திரும்ப வைத்தது எது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டையும் சொன்னேன், பதினொன்றையும் சொன்னேன், விசிலையும் விடவில்லை.

கேட்டு முடித்து, மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எண்ணிக் குடுத்தீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"நான் பொத்தான எண்ணலீங்க. அதான் அன்னிக்கு ராத்திரி வரைக்கும் தெரியல." கிண்ணத்தை ஒருமுறை காட்டச் சொன்னார். காட்டினேன். தோள் இறங்கியது. "களி மிச்சம் இருக்குங்களா? காலைல இருந்து வயித்துல ஒண்ணும் எறங்கல."

தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒரு உருண்டையைக் குழம்பில் தோய்த்து, எங்கள் எல்லோரையும் போலவே அப்படியே முழுங்கப் போனார். சின்னவள் பாய்ந்து வந்து அவர் தாடையைப் பிடித்தாள்.

"மெல்லும்மா! உள்ள கொட்ட இருக்கும்!"

எங்கள் எதிரிலேயே, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே, அவர் களியை மென்றார்.