சித்தப்பா சாய்த்த புளியமரம்

எங்கள் சித்தப்பா கட்சியின் கிளைச் செயலாளராக இருந்த காலத்தில், விவசாயிக்குக் கட்சி என்ன செய்தது என்று வீட்டில் யாரும் வாய் தவறிக்கூடக் கேட்க மாட்டார்கள். கேட்டால் சோறு ஆறும்வரை பதில் வரும். பம்புசெட் மின்சாரம், கரும்பு விலை, பயிர்க்கடன் என்று விரல் மடக்குவார். வாய்ப்பேச்சோடு நிற்கிற ஆளும் இல்லை. அந்த வருடம் சர்க்கரை ஆலை எங்கள் கரும்புக்கு வெட்டு உத்தரவு தராமல் இழுத்தடித்தபோது, கொடியோடு இருபது பேரைக் கூட்டிப்போய் ஆலை வாசலில் உட்கார்ந்து, உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

உடனே கரும்பை வெட்டினோம். அப்பா முதல் வண்டியைக் கட்டினார். பின்னால் இரண்டு வண்டிகளில் எங்கள் கரும்பையே ஏற்றிக்கொண்டு மாமன்மார் வந்தார்கள். முதல் வண்டியின் கரும்புக் கட்டுகளுக்கு மேல், எட்டு வயது மகாராணியாக நான்.

வடக்கனந்தலைத் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மரத்தின் மேல் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று முந்தின நாள் மாலை கட்சி அறிவித்திருந்ததாம். இரண்டு நாளாகக் கழனியிலேயே கிடந்த எங்களுக்குச் சேதி எட்டவில்லை.

"இன்னாடா இது? உத்தரவு வாங்கினதும் நீ, வழிய அடைச்சதும் நீயா? வெட்டுன கரும்பு காயுதுடா! யாருக்கோசரம் இதெல்லாம்?" என்று அப்பா கத்தினார்.

சித்தப்பா அசரவில்லை. என்னைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணுக்கோசரம்தாண்ணா. நாளைக்கு இவ காலேஜுல சேர வாணாமா?"

கயிறு கட்டி மரத்தை இழுத்துப் போட்டுவிடலாம் என்று மாமன்மார் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு காளைகளை அவிழ்த்தார்.

நான் ஓடிப்போய் மரத்தில் ஏறிக்கொண்டேன். எனக்காக வெட்டிய மரத்தில் எனக்கில்லாத உரிமையா? கட்சிக்காரர் ஒருவரைத் தள்ளி உட்காரச் சொன்னதாகக்கூட ஞாபகம்.

சேதி கேட்டு வந்த அம்மா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அது பட்டுப்போன மரம். காய்க்கிற மரத்தில் கோடரி வைக்கச் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. மறியலுக்கும் பட்ட மரமாகத் தேடித்தான் சாய்த்திருந்தார்.

"நல்லா காஞ்ச வெறகு. நம்ம வெல்லக் கொப்பரை சும்மாதான கெடக்குது. ஏம்பா தம்பி, மரம் வெட்டத் தெரிஞ்ச ஆளுங்க வெறகும் ஒடைக்கட்டும்" என்றாள்.

"அண்ணி, மறியலு..."

"அடிமரம் உங்களுக்கு. கெளைங்க எங்களுக்கு."

அப்படியே பங்கு பிரிந்தது. கட்சிக்காரர்கள் முறைவைத்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். முறைவைத்து எங்கள் அடுப்புக்கு விறகு தள்ளினார்கள். மறியல் முடியும்வரை ஊரே வெல்லப்பாகாக மணத்தது. விவசாயியைக் கட்சி கைவிடாது என்று சித்தப்பா சூடான பாகை நக்கிக்கொண்டே சொன்னார். அம்மா சிரித்தாள். அப்பா மட்டும் ருசிகூடப் பார்க்கவில்லை. தம்பி மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலைக்கென்று பதிந்த கரும்பை வெல்லம் காய்ச்சினால் மறு வருடம் வெட்டு உத்தரவு வராது. வரவும் இல்லை. அந்தக் கழனியில் மரவள்ளி நட்டோம்.

பின்னாளில் அந்த ஒதுக்கீட்டில்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எனக்காக ஒரு மரத்தையே வெட்டினார் எங்கள் சித்தப்பா என்று விடுதியில் பெருமையடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பாதிக் கதையில் எனக்கு அது உறைத்தது. காளைகளை அவிழ்க்கும் முன் அப்பா கொஞ்ச நேரம் சும்மா நின்றாரே, கரும்பா மகளா என்று அப்போதுதான் முடிவு செய்திருக்கிறார்.