இருபத்தைந்து வருஷத்துப் புகை

சனிக்கிழமை சாயந்திரம் நான் ஸ்ரீரங்கம் போய்ச் சேவித்துவிட்டு வந்து வீட்டில் விளக்கேற்றும்போது, பக்கத்து வீட்டு ரத்தினவேல் அண்ணன் தன் ஜன்னலைச் சாத்திவிடுவார். அன்றைக்கு மட்டும் ஒரு கிளாஸ் விஸ்கி குடிப்பார். அந்த வாடை என் பூஜைக்கு வரக்கூடாதாம். அவர் சொன்னதில்லை, மகாலட்சுமி அண்ணி சொல்லித்தான் தெரியும்.

அண்ணன் திருவெறும்பூர் ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். புகை வாடை அடிக்கும் ஸ்காட்ச்தான் அவருக்குப் பிடிக்கும். அதைக் காய்ச்சுகிற ஊரில் ஏதோ மண்ணை எரித்து, அந்தப் புகையில் தானியத்தைக் காயவைப்பார்களாம். சிங்கப்பூரிலிருந்து மகன் அரவிந்தன் எப்போதும் பீப்பாயில் பத்து வருஷம் ஊறிய பாட்டில் கொண்டுவருவான். போன வருஷம் ஓவர்டைம் பார்த்து, பத்து மடங்கு விலையில் இருபத்தைந்து வருஷத்தது வாங்கி வந்தான். இனிமேல் இதுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டேன்.

"குடிக்க வேணாம் தங்கச்சி, மோந்து மட்டும் பாருங்க" என்று இரண்டு டம்ளரை நீட்டினார். பத்து வருஷத்ததில் ஈர விறகு எரிகிற நெடி. இருபத்தைந்து வருஷத்ததில் புகை அடங்கி, பழ வாசனைதான் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் புகைதானே வேணும்? அவன்கிட்ட எப்படிச் சொல்றது, மனசு ஒடிஞ்சிடுவான்" என்றார் அண்ணன்.

"முப்பது வருஷமா நானும்தான் இந்த வீட்டுல ஊறிக்கிடக்கேன். எனக்கு என்ன விலை போடுவீங்க?" என்றார் அண்ணி.

இந்தத் தை மாதம் அரவிந்தன் வந்து இருவரையும் தன்னோடு அழைத்துப் போனான். காரில் ஏறும்போது அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"சொல்லிட்டேன் தங்கச்சி. அவனுக்கும் பத்து வருஷத்ததுதான் பிடிக்குமாம். பழச யாரு குடிச்சு முடிக்கிறதுன்னு இப்ப சண்டை."